சத்தம் நுழையாத அறையில் தண்ணீர்

முதலில் என் வயிறு என்றுதான் நினைத்தேன்.

மைக் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு வயிறு ஒரு பெரிய தொல்லை. பசித்தாலும் சத்தம் போடும், சாப்பிட்டாலும் சத்தம் போடும். நல்ல மைக் என்றால் அதையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அன்று காலை ஹெட்போனில் ‘களக்’ என்று ஒன்று கேட்டதும் வாசிப்பை நிறுத்தி, ஒரு மடக்கு வெந்நீர் குடித்துவிட்டு, அதே வாக்கியத்தைத் திரும்ப வாசித்தேன். மறுபடியும் ‘களக்’. இந்த முறை கொஞ்சம் நீளமாக, யாரோ பெரிய பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி. என் வயிற்றுக்கு அவ்வளவு கனத்த குரல் கிடையாது.

மூன்றாவது முறை கேட்டபோது வலது கால் பெருவிரல் நனைந்தது.

குனிந்து பார்த்தேன். கதவுப் பக்கமிருந்து சாம்பல் நிற கார்பெட் கறுத்துக்கொண்டே என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. எழுந்து ஓடவில்லை. முதலில் அதுவரை பதிவு செய்ததை சேவ் செய்தேன். கணினியை முறைப்படி அணைத்தேன். ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். இதைச் சொன்னால் என் மகள் இன்றும் தலையில் அடித்துக்கொள்வாள்.

கதவைத் திறந்ததும் மழைச் சத்தம் முகத்தில் அறைந்தது. விடியற்காலையிலிருந்து பெய்துகொண்டிருந்த மழை, நான் உள்ளே போன பிறகு இப்படி வலுத்திருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியக்கூடாது என்றுதானே அந்த அறையைக் கட்டினோம். கூடத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் என் மகள் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். தேர்வுக்குப் படிக்கக் கல்லூரியில் விடுமுறை விட்டிருந்த நேரம் அது.

“அம்மா! பாத்ரூம்லோ நீள்ளு! எந்தசேபு நுஞ்சி பிலுஸ்துன்னானு!”

பாத்ரூமில் தண்ணீர், எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறேன் என்று கத்தினாள். நான் தமிழில் பேசுவேன், அவள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வாள். ஆத்திரம் வந்தால் சுத்தத் தெலுங்கு.

“கதவைத் தட்ட வேண்டியதுதானே?”

“தட்டினேன்! உனக்குத்தான் ஒண்ணும் கேக்காதே!” அவசரத்தில் தமிழ் வந்துவிட்டது.

எங்கள் வீடு ஹப்சிகுடாவில், பிரதான சாலையிலிருந்து சரிவாக இறங்கும் ஒரு சந்தில், இரண்டு தளக் கட்டடத்தின் கீழ்த்தளம். நாங்கள் வாங்கியபோது வாசற்படியிலிருந்து இறங்கித்தான் தெருவுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறை தார் போட்டபோதும் தெரு கொஞ்சம் உயர்ந்தது. இப்போது வாசலிலிருந்து ஏறித்தான் தெருவுக்குப் போகிறோம். அதனால் மழைக்காலம் வந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிடுவோம். அன்றும் மூட்டைகள் தம் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தன. தண்ணீர் வாசல் வழியாக வரவே இல்லை. தெருவின் பாதாளச் சாக்கடை நிரம்பி, குளியலறைத் தரையில் தண்ணீர் வடிகிற துளை வழியாகத் திரும்பி மேலே வந்துகொண்டிருந்தது. ஸ்டூடியோ தரைக்கு அடியில் ஓடும் குழாயில் அது ஏறி வந்த சத்தம்தான் நான் ஹெட்போனில் கேட்டது.

அந்த அறை என் தொழில். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்க அரக்கோணத்திலிருந்து இந்தத் தெலுங்கு நகரத்துக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் தக்கனி உருதுவும், பள்ளியில் ஆங்கிலம். நாலு மொழியையும் அதனதன் வாயோடு பேச வருவது எனக்குப் பிற்காலத்தில் சோறு போட்டது. பாடப் பதிவுகளில் ஆரம்பித்து, விளம்பரக் குரல், அறிவிப்புக் குரல் என்று போய், கடைசியில் தமிழ்ப் புத்தகங்களை ஒலிப்புத்தகமாக வாசிப்பதில் நிலைத்துவிட்டேன். வீட்டில் சாமான் போட்டு வைத்திருந்த அறையை நானும் கணவரும் சேர்ந்து ஸ்டூடியோவாக மாற்றினோம். அவர் திருச்சிக்காரர். இங்கே பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் பொறியாளர். சுவர் முழுக்க மரச்சட்டம் அடித்து, அதற்குள் ராக்வுல் எனப்படும் பஞ்சுப் பாளம் வைத்து, மேலே துணி கட்டி, கனமான கதவு போட்டு, தரையில் தடித்த கார்பெட். கையைத் தட்டினால் சத்தம் அங்கேயே செத்து விழும்.

உள்ளே வராமல் எங்களால் தடுக்க முடியாத சத்தம் ஒன்றே ஒன்றுதான்: மேல் தளத்துத் தையல் மெஷின்.

மேல் தளம் ஆபாவுக்குச் சொந்தம். ஆபா என்றால் அக்கா; அவர் என்னைக் கூப்பிடுவது பாபி, அதாவது அண்ணி என்று. அறுபதை நெருங்குகிறவர், கணவர் இல்லை, மகன் துபாயில். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். மல்லாபூரிலிருந்து இரண்டு பெண்கள் வேலைக்கு வருவார்கள். மோட்டார் வைத்த மூன்று மெஷின்கள். அவை ஓடினால் கூரை வழியாக ஒரு ரீங்காரம் இறங்கி என் ஒவ்வொரு வார்த்தைக்கு அடியிலும் உட்கார்ந்துகொள்ளும். ஆரம்பத்தில் நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டில் நின்று நன்றாகவே சண்டை போட்டோம். “என் வீட்டில் என் மெஷின் ஓடக்கூடாதா பாபி?” என்று அவர். “என் வீட்டில் நான் பேசக்கூடாதா ஆபா?” என்று நான். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். காலை எனக்கு, மதியத்துக்கு மேல் அவருக்கு. காலையில் அவர்கள் துணி வெட்டுவார்கள், இஸ்திரி போடுவார்கள். மதியம் நான் பதிவு செய்ததைத் திருத்துவேன். வருஷக்கணக்காக அது பிசகியதில்லை.

அன்று காலை நான் செய்த முதல் வேலை, கூடத்தில் வாசல் ஓரமாக இருக்கும் மெயினை இறக்கியது. வீடு இருண்டது. ஆனால் ஸ்டூடியோவுக்குள்ளிருந்து ‘பீப், பீப்’ என்று ஒரு சத்தம். யூபிஎஸ். மெயினை அணைத்தாலும் அது தன் பேட்டரியில் உயிரோடுதான் இருக்கும். மேஜைக்குக் கீழே ஒரு மரப்பலகை மேல் உட்கார்ந்திருந்தது. கணவருக்கு போன் போட்டேன்.

“தண்ணி அதைத் தொட்டுடுச்சா?” அவர் குரலில் பதற்றமே இல்லை. அதுவே அவருடைய பதற்றம்.

“இல்லைங்க. இன்னும் ரெண்டு விரக்கடை இருக்கு.”

“ரப்பர் செருப்பு போட்டுக்க. மர ஸ்டூலைப் போட்டு அது மேல நின்னு பட்டனை அமுக்கு. தண்ணி தொட்டுடுச்சுன்னா விட்டுடு, போனாப் போவுது. கேக்குதா? போனாப் போவுது.”

“கேக்குது.”

அப்படியே செய்தேன். பீப் நின்றது.

படிக்கட்டிலிருந்து ஆபாவின் குரல் வந்தது. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பேசுவது தக்கனியில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“பாபி, என்ன எடுக்கணும், எதை விடணும், சீக்கிரம் சொல்லு. என் பொண்ணுங்க படியிலே நிக்கிறாங்க.”

நான் சொன்னேன். மைக், கணினி, ஹார்ட் டிஸ்க், ஒயர் பெட்டி. என் மகள் தூக்கித் தர, நான் கூடத்தில் வாங்கி, ஆபா படியில் வாங்கி, அந்த இரண்டு பெண்கள் மேலே கொண்டுபோனார்கள். கண்ணாடிப் பாத்திரம் தூக்குகிற மாதிரி மைக்கை மட்டும் நானே கொண்டுபோய் ஆபாவின் கட்டிலில் வைத்தேன். பிறகு அரிசி, துணிமணி, மகளின் புத்தகங்கள், மெத்தைகள். தண்ணீர் முழங்காலைத் தொடும் முன் அள்ளக்கூடியது எல்லாம் மேலே போய்விட்டது. அள்ள முடியாதது சுவரோடு அடித்த பேனல்கள்தான். அவை அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, மேலே மேலே கறுத்துக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தேன். விளக்குத் திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி குடித்தன.

“அழாதே,” என்றார் ஆபா. “எதுக்கு? சுவர்தானே.”

“நான் அழலை ஆபா. கணக்கு போடறேன்.”

உண்மையிலேயே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எதையெல்லாம் தூக்கிப் போடுவது, எதைத் திரும்பக் கட்டுவது என்று.

மத்தியானம் மழை விட்டது. தண்ணீர் வந்த வழியிலேயே திரும்பிப் போனது, ‘களக் களக்’ என்று அதே சத்தத்தோடு. சாலையில் வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு கணவர் நடந்தே வந்து சேர்ந்தபோது தரையில் கறுப்புச் சேறு மட்டும் இருந்தது. நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. சாக்கடை சாக்கடைதான்.

அவர் ஸ்டூடியோ வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தச் சட்டங்களில் பாதி அவர் கையால் அடித்தது.

“வெயில் வந்தா காஞ்சிடுமா?”

“காயாதுங்க. வெளியே காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே பூஞ்சை பிடிக்கும். நான் அதுக்குள்ள உக்காந்து மூச்சு விடணும், பேசணும். எல்லாத்தையும் பிடுங்கிடலாம்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

மறுநாள் பிடுங்கினோம். நனைந்த ராக்வுல்லின் கனம் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பாளத்தை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அதன் தூசு தோலில் பட்டால் அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் முகமூடியுமாக, திருடர்கள் மாதிரி நாங்கள் மூவரும் மூட்டை மூட்டையாக வெளியே கொண்டுபோய் வைத்தோம். கார்பெட்டைச் சுருட்டி இழுத்தபோது வழியெல்லாம் ஒழுகியது. சாயங்காலம் அறை வெறுமையாக நின்றது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரக்கோடு. நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டினேன். சத்தம் நாலு சுவரிலும் மோதி, கல்யாண மண்டபம் மாதிரி எதிரொலித்தது. ஐந்து வருஷமாக அந்த அறையில் கேட்காத சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்கடுத்த நாள் சென்னையிலிருந்து போன். ஒலிப்புத்தகம் தயாரிக்கிறவர். ரொம்பவும் மரியாதையானவர், ஆனால் காது ஊசி மாதிரி. நான் வாசித்துக்கொண்டிருந்தது ஒரு நீண்ட நாவல். கடைசி ஐந்து அத்தியாயங்கள் மிச்சம்.

“மேடம், உங்க ஏரியாவுல மழைன்னு நியூஸ்ல பாத்தேன். நல்லா இருக்கீங்கல்ல?”

“நாங்க நல்லா இருக்கோம் சார். ஸ்டூடியோ போயிடுச்சு.”

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெளியீட்டு விழாவுக்கு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. வேண்டுமானால் மிச்சத்தைச் சென்னையில் வேறு ஒருவரை வைத்து முடித்துக்கொள்ளலாம், நான் கஷ்டப்பட வேண்டாம்.

“வேற குரலா? கடைசி அஞ்சு அத்தியாயத்துக்கா?”

“இல்ல மேடம், உங்க நெலமைக்காகச் சொன்னேன்...”

“என் தொண்டைக்குள்ள தண்ணி போகலை சார். நான் முடிச்சுத் தரேன்.”

போனை வைத்த பிறகுதான் எங்கே முடிப்பது என்று யோசித்தேன். கணவர் நகரத்தில் ஒரு ஸ்டூடியோவை வாடகைக்கு எடுக்கலாம் என்றார். போய்ப் பார்த்தோம். பாட்டுப் பதிவுக்கான அருமையான இடம். ஆனால் நான் அங்கே பேசியபோது என் குரல் பளபளவென்று, பாலிஷ் போட்ட மாதிரி கேட்டது. நாவலில் வருவது இரண்டு அறை வீட்டில் வாழ்கிற ஒரு குடும்பம். இத்தனை அத்தியாயம் சின்ன அறையில் காதோரமாகச் சொல்லிவிட்டு, முடிவை மட்டும் மேடை ஏறிச் சொல்ல முடியாது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வந்ததும் என் சாமான்களை எடுக்க ஆபா வீட்டுக்குப் போனேன். கணினியை அவர் கடைசி அறையில் வைத்திருந்தார். அது துணி அறை. மூன்று சுவரிலும் கூரை வரை ரேக். ரேக் நிறைய நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணி, கருநீல டிரவுசர் துணி, வெட்டியது, தைத்தது, பாதி தைத்தது. ஒரு பக்கம் கம்பியில் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. “ஆபா...” என்று ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் குரல் என் வாய்க்கு முன்னாலேயே நின்றுபோனது. கை தட்டிப் பார்த்தேன். செத்து விழுந்தது.

மறுபடியும் தட்டினேன்.

“என்ன பாபி, கொசுவா?” என்றார் ஆபா.

விஷயத்தைச் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். கதவை மூடிக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்தால் அவருக்குத் துணி எடுக்க வழி கிடையாது. மெஷின் மூன்றும் பக்கத்து அறையில். நான் வாசிக்கும்போது அவை ஓடவே முடியாது. அவருக்கும் நெருக்கடியான நேரம். நாச்சாரத்தில் ஒரு பள்ளியில் தாமதமாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை கொடுத்தாக வேண்டும்.

“காலையிலே நான் வெட்டணும். துணி இல்லாம எதை வெட்டறது? முதல் நாளே எடுத்து வெச்சுக்கலாம், சரி. ஆனா இஸ்திரி மேஜையும் இங்கேதான் இருக்கு. காஜா, பட்டன் எல்லாம் பின்னாலே தங்கிடும்.”

“பட்டனை நாங்க தைக்கிறோம்.”

“யாரு?”

“நான், என் பொண்ணு, அவரு. சாயங்காலம் சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போறோம். காலையில திருப்பித் தரோம்.”

ஆபா என்னை மேலும் கீழும் பார்த்தார். “உன் வீட்டுக்காரரு ராக்கெட் செய்யறவரு. பட்டன் தைப்பாரா?”

“தைப்பாரு.”

“கேட்டியா அவரை?”

“கேக்கலை. ஆனா தைப்பாரு.”

“ஹவ்,” என்றார் ஆபா. சரி என்று அர்த்தம். “ஆனா ஒரு பட்டன் தொங்கினாலும் திருப்பி அனுப்புவேன்.”

கணவர் தைத்தார். முதல் நாள் அவர் தைத்த சட்டைகள் அத்தனையும் திரும்பி வந்தன. பட்டன் தொங்கவில்லை. துணியோடு சேர்த்து இறுக்கித் தைத்திருந்ததால் காஜாவுக்குள் போடவே முடியவில்லை. மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்துவிட்டு, அப்புறம் குச்சியை உருவினால் தேவையான இடைவெளி கிடைக்கும் என்று கண்டுபிடித்தார். பெருமையாக மேலே போய் ஆபாவிடம் சொன்னார். அது தையல் தெரிந்த எல்லாருக்கும் தெரியும் என்று ஆபா சொல்லி அனுப்பினார். என் மகள் ஒரு பக்கம் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எங்கள் இருவரையும்விட வேகமாகத் தைத்தாள். கீழே இன்னும் ஈரம் காயாத கூடத்தில், மின்விசிறிகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, நாங்கள் மூவரும் வட்டமாக உட்கார்ந்து நீலக் கட்டச் சட்டைகளோடு இருந்த அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நல்ல மனநிலை வந்துவிடும். அவரவர் கையில் அவரவர் போன் இல்லாமல் நாங்கள் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்ததே இல்லை.

காலையில் நான் மேலே. துணி ரேக்குகளுக்கு நடுவே ஒரு முக்காலி, ஆபாவின் இஸ்திரி மேஜை மேல் மைக். புதுத் துணியின் கஞ்சி வாசனையில் முதல் நாள் தும்மலாக வந்தது. பிறகு பழகிவிட்டது. வெள்ளத்தன்று பாதியில் நின்ற அத்தியாயம் கணினியில் பத்திரமாக இருந்தது. அதை அழித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். கேட்டவர்கள் எல்லாம் எதற்கு இரட்டை வேலை என்றார்கள். ஓர் அத்தியாயத்தின் நடுவில் அறை மாறினால் காது உடனே விழித்துக்கொள்ளும். அத்தியாயம் மாறுகிற இடத்தில் மாறினால், கேட்கிறவர் அதைக் கதையோடு சேர்த்து ஏற்றுக்கொள்வார். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

இடைஞ்சல் இல்லாமல் இல்லை. ஏசி பெட்டி மேல் ஒரு புறாக் குடும்பம். நான் உருக்கமாக ஒரு வாக்கியத்தை முடிக்கும்போதெல்லாம் ‘உக்கும்’ என்று ஆமோதிக்கும். ஆபா மொட்டை மாடியின் மறுகோடியில் தானியம் தூவி அவற்றை அங்கே குடிமாற்றினார். கீழே வரும் ஸ்கூல் வேன் ஹாரனுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. நிறுத்தி, காத்திருந்து, திரும்ப வாசித்தேன். ஆபா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, கையால் செய்கிற வேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யாராவது மேலே வந்தால் உதட்டில் விரல் வைப்பார்.

மிச்சமிருந்த ஐந்தில் நாலாவது அத்தியாயம் முடிந்த அன்று நான் வெளியே வந்தபோது அவர் ஊசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பாபி, அந்தக் கிழவர் செத்துட்டாரா?”

ஆபாவுக்குத் தமிழில் ‘வாங்க, போங்க, தண்ணி, சாப்பாடு’ தவிர ஒரு வார்த்தை தெரியாது.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு கிழவர் பேசுவாரே, இருமி இருமி. மூணு நாளாக் கேக்கிறேன். இன்னிக்கு அவர் குரல் வரவே இல்லை. அந்தப் பொண்ணு மட்டும் பேசினா. ரொம்ப மெதுவா.” ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, “அந்தப் பொண்ணு அவரோட மகளா, மருமகளா?” என்றார்.

“மருமகள்.”

“நினைச்சேன். மகளா இருந்தா சண்டை போட்டிருப்பா.”

என் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகள் ஓரளவுக்கு உண்டு. இதற்கு ஈடாக வேறொன்று ஞாபகம் வரவில்லை. இன்னும் வாசிக்காத கடைசி அத்தியாயம் வரை முழுக் கதையையும் அன்றே அவருக்குத் தக்கனியில் சொன்னேன். முடிவு பிடிக்கவில்லை என்றார். அந்த மருமகள் வீட்டை விற்றிருக்கக் கூடாதாம்.

எல்லாவற்றையும் அனுப்பிய பிறகு சென்னைக்காரர் கூப்பிட்டார்.

“மேடம், பிரமாதம். ஆனா எங்கேயோ ரூம் மாறியிருக்கு, என்னால உணர முடியுது.”

“எந்த அத்தியாயத்துல சார்?”

“ம்... பன்னெண்டாவதுலயா?”

“பன்னெண்டு என் பழைய ஸ்டூடியோ. அப்போ தண்ணியே வரலை.”

“அப்படின்னா இருபதா?”

“அதுவும் பழசு.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, எங்கேதான் பண்ணீங்க கடைசியை?”

“ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற ரூம்ல.”

“எந்தக் கம்பெனி பேனல் அது?” என்று கேட்டார் மனிதர். நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை போலும். நான் விளக்கிச் சொன்னபோது நம்ப மறுத்தார்.

கீழே அறை காய மழைக்காலம் முழுக்க ஆனது. கணவர் தினமும் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். சீக்கிரம் பெயின்ட் அடித்துவிடலாம் என்று நான் அவசரப்பட்ட ஒருநாள், பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். மறுநாள் அதன் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. “பாத்தியா? சுவர் இன்னும் தண்ணி குடிச்ச மயக்கத்துல இருக்கு,” என்றார். அந்தத் தாள் வியர்க்காமல் இருக்கும் வரை காத்திருந்தோம்.

குளியலறையிலிருந்து தெருவுக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு போட்டோம். தண்ணீர் வெளியே போகலாம், திரும்பி உள்ளே வர முடியாது. பிளம்பர் முதல் தடவை போட்டதில் மூட்டு ஒழுகியது. தோண்டி மறுபடி போட்டார். புது அறையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். முழங்காலுக்குக் கீழே எதுவும் கிடையாது. தரையில் கார்பெட் இல்லை. ஓடு பதித்து, மேலே சுருட்டி எடுக்கிற பாய் மட்டும். மின்சாரப் புள்ளிகள் எல்லாம் தோள் உயரத்தில். பேனல்களைச் சுவரில் அடிக்கவில்லை, படம் மாட்டுகிற மாதிரி கொக்கியில் மாட்டினோம். ஒரு ஆள் ஒரு பேனலைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்விடலாம். பேனலுக்குள் ஆபாவின் வெட்டுத்துணி மிச்சங்களை அடைக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. மூட்டை மூட்டையாகத் தரத் தயாராக இருந்தார். “எலி வரும், தீப்பிடிக்கும்” என்று கணவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. ராக்வுல்லே வாங்கினோம்.

வால்வு போட்ட பிறகு ஒரு புது விஷயம் தெரிந்தது. தெருச் சாக்கடை நிரம்பும்போது வால்வு மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து தண்ணீர் வராது. ஆனால் எங்கள் கட்டடத்துத் தண்ணீரும் வெளியே போகாது. மேல் தளத்துக் குழாயும் அதே வழியில்தான் வந்து சேர்கிறது. ஆக, பலத்த மழையில் ஆபா ஒரு வாளி தண்ணீரைக் கொட்டினால் அது நேராக என் குளியலறைத் தரையில் வந்து நிற்கும். காலை எனக்கு, மதியம் உனக்கு என்று பிரித்துக்கொள்கிற விஷயம் இல்லை இது.

போன மழைக்காலத்தில் அதற்கும் ஒரு நாள் வந்தது. காலையில் மகளை நிரந்தரமாக வெளியே காவல் வைக்க முடியாது என்பதால், கதவுக்கு மேலே உள்பக்கம் ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து யார் பொத்தானை அழுத்தினாலும் எரியும். மகள் பொத்தானை அழுத்த, விளக்கு எரிந்தது. வெளியே வந்தால் வானம் கிழிந்துகொண்டு ஊற்றியது. தெருவில் தண்ணீர் வாசல் மூட்டைகளை முட்டிக்கொண்டிருந்தது. குளியலறைக்கு ஓடினேன். தரை காய்ந்து கிடந்தது.

படியில் பாதி ஏறி நின்று கத்தினேன். “ஆபா! பானி நக்கோ! பானி நக்கோ!” தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தம்.

“நக்கோன்னா?” மேலேயிருந்து குரல். “ஒரு டப் துணி சோப்பிலே ஊறுது!”

“ஊறட்டும்! அலசாதீங்க!”

“அரே, சாயம் போயிடும் பாபி, வெள்ளைச் சட்டையோட நீலம் கிடக்கு!”

“எடுத்துப் பிழிஞ்சு வாளிக்குள்ளேயே வைங்க. கீழே ஊத்தாதீங்க, அவ்வளவுதான்!”

முணுமுணுத்துக்கொண்டே செய்தார். பிறகு கையைத் துடைத்தபடி இறங்கி வந்து, குளியலறையை எட்டிப் பார்த்து, வடிகால் துளையை ஒரு சந்தேகத்தோடு உற்றுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார். நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து, தெருத் தண்ணீரில் யாருடைய செருப்போ ஒன்று மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய பெண்களில் ஒருத்தி மேலேயிருந்து டீ கொண்டுவந்தாள். வெள்ளைச் சட்டைகளில் நீலம் ஏறிவிட்டதா என்று ஆபா கேட்டார். கொஞ்சம் என்றாள் அந்தப் பெண். “எத்தனை?” என்றார் ஆபா. “மூணு.” ஆபா என்னைப் பார்த்தார். நான் டீயைக் குடித்தேன்.

மழை குறைந்து தெருத் தண்ணீர் இறங்கியதும், வால்வு திறந்துகொண்டதா என்று பார்க்க ஒரு சொம்பு தண்ணீரைக் குளியலறையில் ஊற்றினேன். சுழித்துக்கொண்டு போனது. மேலே பார்த்துச் சத்தம் கொடுத்தேன். அவர் துணி அலசப் போனார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்திய வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.